ஒரு கோலும் இரண்டு கழகமும்

கோயில் சபைத் தலைவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எங்கள் ஊரில் முதலில் தொடங்கியது எந்தக் கழகம், வடக்கா தெற்கா? யோசித்துச் சொல்ல ஒரு கிழமை, ஏழு நாள், தந்தார். அந்தக் கிழமையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

உப்புவெளியைத் தாண்டி வடக்கே போனால் வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர் இருக்கிறது. சின்ன ஊர். இதற்குள் இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள். பதிவில் இரண்டுக்கும் பெரிய பெயர்கள் உண்டு, ஆனால் ஊரில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. வடக்கு, தெற்கு, அவ்வளவுதான். இரண்டுக்கும் மைதானம் ஒன்று. கோயிலுக்குப் பக்கத்தில், கடற்கரையோடு இருக்கும் கோயில் காணி அது. ஒரு நாள் வடக்கு விளையாடும், அடுத்த நாள் தெற்கு. புல்லை யார் வெட்டுவது, கோல் வலையை யார் கிழித்தது, மழைக்கு விட்ட நாள் யாருடைய கணக்கு என்று எப்போதும் ஒரு சண்டை இருக்கும். சபைக்கு அலுத்துவிட்டது. முதலில் தொடங்கின கழகத்துக்கு மைதானத்தை எழுதிக் கொடுப்போம், மற்றது வேறு இடம் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் ஊரில் வேறு இடம் இல்லை. மிச்சம் எல்லாம் விடுதிகளும் பற்றைக்காடும்தான்.

முதல் கழகம் நாங்கள்தான் என்று வடக்கு சொன்னது. தெற்கும் அதையே சொன்னது. சாட்சி யார் என்று கேட்டபோது மட்டும் இரண்டு பேரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். அது நான். அவர்களுக்குள் அபூர்வமாக வந்த ஒற்றுமை என் தலையில் விழுந்தது.

நான் அந்தக் காலத்தில் கோல் காப்பாளன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கூட்டத்தில் எழுந்து கதைக்கச் சொன்னால் எனக்கு வாய் வராது. கோலுக்குள் நிற்பவன் அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதாலோ என்னவோ அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் எங்களோடு ஆடியவர்களில் பலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் இல்லை. மிஞ்சியவர்களில் வடக்கும் சரி தெற்கும் சரி "இவர் எங்கட கோலி" என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கே சரியாக விளங்காத விஷயம்.

என் மனைவியின் தம்பிதான் வடக்குக் கழகத்தின் தலைவர். என் மகள் தெற்குக் கழகத்தின் பெண்கள் அணியில் கோல் காக்கிறாள். வடக்கில் பெண்கள் அணி கிடையாது. மைதானம் வடக்குக்குப் போனால் பெண்பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்று மச்சான் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தெற்குக்குப் போனால் மச்சான் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். இது அவர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாளே மச்சான் ஒரு பாரைமீனோடு வந்தார். குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தான், நீங்கள் பெரிசா ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. வடக்கு. ஒரு சொல்லு. சொல்லிப்போட்டு இருங்கோ."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை மச்சான்."

"என்ன ஞாபகம் இல்லை? அந்தக் கோலை வைச்சுத்தானே பிரிஞ்சது. நாங்கள் அடிச்ச பந்து உள்ள போனது. அவங்கள் இல்லையெண்டாங்கள். அதோட கோவிச்சுக்கொண்டு போய்த்தான் தெற்கு எண்டு ஒண்டைத் தொடங்கினவங்கள். அப்ப முதல் நாங்கள்தானே. கோலுக்குள்ள நிண்டது நீங்கள். பந்து உங்களைத் தாண்டித்தானே போனது."

"தாண்டினதோ?"

மச்சான் தன் அக்காவை, என் மனைவியைப் பார்த்தார். "அக்கா, இவருக்குச் சோத்தோட வல்லாரை குடுங்கோ."

அவர் போன பிறகு, தெற்குக் கழகத்தின் செயலாளர் வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். என்னைவிட வயது குறைவு, ஆனாலும் நான் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவேன். கழகத்தின் வரலாறு என்று நாலைந்து பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல தமிழ். அதில் ஓர் இடத்தில் நான் வந்தேன். ஊரே பார்த்து நிற்க, எதிரணி உதைத்த பந்தை நான் நெஞ்சால் தடுத்து, கழகத்தின் மானத்தைக் காத்தேன் என்று இருந்தது. ஆத்திரத்தில் எதிரணி பிரிந்து போய் வடக்கு என்று தொடங்கியதாம்.

"சேர், நெஞ்சாலயோ?"

"ஏன் அண்ணை, வேற எதால?"

"எனக்குக் கம்பத்தில பட்ட மாதிரி ஒரு ஞாபகம்."

அவர் பேனையை எடுத்தார், பிறகு திரும்ப மூடினார். "நெஞ்சு எண்டே இருக்கட்டும் அண்ணை. வாசிக்க நல்லா இருக்கு."

ஒரே பந்து. ஒருவருடைய கதையில் உள்ளே போகிறது, மற்றவருடைய கதையில் என் நெஞ்சில் படுகிறது. எனக்கோ அது கம்பத்தில் பட்டது. கம்பம் என்றால் அது இரண்டு துடுப்புகள். மணலில் நட்டு வைப்போம். மேலே குறுக்குக் கம்பம் கிடையாது. கோடு கிடையாது, மணலில் காலால் இழுத்தால் இரண்டு ஓட்டத்தில் அழிந்துவிடும். பந்து தாண்டியதா என்று அன்றைக்கே யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதோடு, என் ஞாபகத்தில் பிரிவினை வேறு மாதிரி இருந்தது. சண்டையால் பிரிந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

என் ஞாபகத்தை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் சம்மாட்டி என்ற வலை முதலாளியின் கீழ் கரைவலை இழுத்தவர்கள். கரைவலைக்கு இரண்டு கயிறு. வடக்குக் கயிற்றை ஒரு கூட்டம் இழுக்கும், தெற்குக் கயிற்றை ஒரு கூட்டம். நடுவில் மீன் சேரும் பையை மடி என்போம். மடிக்குப் பின்னால் ஒருவன் நீந்திக்கொண்டு வருவான். வலை எங்காவது கல்லில் மாட்டினால் முக்குளித்து எடுத்துவிடுவான். இந்தப் பக்கம் முந்துகிறது, அந்தப் பக்கம் இழு என்று கரைக்குக் கை காட்டுவான். மடிக்காரன் நான். இரண்டு கயிறும் எனக்கு வேண்டும்.

வலை கரைக்கு வரும்வரை காத்திருக்க மீன் வாங்குகிறவர்கள் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் டவுனில் தங்கி வியாபாரம் செய்த கிண்ணியாக்காரர்கள். அவர்களிடம் ஒரு பந்து இருந்தது. மீன் ஏற்றி முடிய வலைக்காரரும் சைக்கிள்காரரும் இப்போது மைதானம் இருக்கும் பக்கத்து மணலில் விளையாடுவோம். இதுதான் எங்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை.

பிறகு யுத்தத்தில் வீதிகள் மூடிய காலம் வந்தது. சைக்கிள்கள் வரவில்லை. நாங்களும் வெளியூருக்குப் போய் விளையாட ஏலாது. பந்து இருந்தது, கால் இருந்தது, எதிரில் நிற்க ஆள் இல்லை. அப்போதுதான் கயிற்றுக் கணக்கில் பிரிந்தோம். வடக்குக் கயிறு ஒரு பக்கம், தெற்குக் கயிறு ஒரு பக்கம். விளையாடுவதற்காகப் பிரிந்தோம். ஒரு பக்கத்தில் ஆள் குறைந்தால் மற்றக் கயிற்றிலிருந்து ஒருவரை இரவல் கேட்போம். அந்த இரவல் எப்போது நின்றது, ஒரு நிறச் சட்டையும் இன்னொரு நிறச் சட்டையும் எப்போது வந்தது, எந்த நாளிலிருந்து உண்மையாகவே கோபித்துக்கொண்டோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது மகள் சாப்பாட்டுக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நடந்ததா, இல்லாட்டி நீங்கள் நல்லாயிருக்கும் எண்டு நினைக்கிறியளா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க சண்டை என்று சொல்லும்போது நான் ஒருவன் மட்டும் விளையாட்டு என்று சொன்னால் பிழை யாரில் இருக்கும்?

"பொய் சொல்ல வேண்டாம் அப்பா," என்றாள் பிறகு. "ஆனா எங்களுக்கு கிரவுண்ட் வேணும். அதையும் சொல்லிப்போட்டன்."

மனைவி சோற்றுப் பானையை மூடினாள். "தம்பியையும் விடேலாது, பிள்ளையையும் விடேலாது. நீங்கள் வெள்ளிக்கிழமை கூட்டத்தண்டு காய்ச்சல் எண்டு படுங்கோ."

படுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக நான் கிண்ணியாவுக்குப் போனேன்.

அந்த நாளில் வந்த சைக்கிள்காரரில் ஒருவர் கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். டவுனுக்கு வந்து பஸ் மாறி, பாலத்தைக் கடந்து போனேன். விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன். அவருக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. நான் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் ஆணி விலையைக் கேட்டேன். அவர் ஆணியை நிறுக்கப் போய், பாதியில் விட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"நீ மடிக்காரன்தானே?"

"ஓம் நானா," என்றேன். கிண்ணியாவில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வா உள்ளுக்கு. ஆணி வாங்கவா இவ்வளவு தூரம் வந்த?"

பிளேன்டீ வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "வடக்கா தெற்கா? எங்களுக்கு நீங்க எல்லாரும் வலைக்காரர். தோத்தா மீன் விலையைக் கூட்டுவீங்க. அது மட்டும் ஞாபகம்."

"பந்து உங்கட தானே நானா?"

"பந்து எங்கடயா? பந்து உங்கட சம்மாட்டி வாங்கித் தந்தது. நாங்க சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுப் போட்டுத் தந்தோம். அவ்வளவுதான்."

நான் பந்து அவர்களுடையது என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். தெளிவாக அவர்களுடைய பெட்டியிலிருந்து எடுப்பதாகக்கூட எனக்குத் தெரிகிறது. ஒருவேளை ஒட்டுப் போட்டு வந்த நாளாக இருக்கலாம்.

"அதோட," என்றார் அவர், "நீ எங்கட கோலி. மறந்துட்டியா?"

"நானோ? நான் வலைக்காரன்."

"வலைக்காரன்தான். உங்களுக்கு ஆள் கூட, எங்களுக்கு ஆள் காணாது. உன்னை எங்களுக்குத் தந்தாங்க. நீந்தத் தெரிஞ்ச ஆள் கோலுக்கு வேணும்தானே. எங்கள்ல யாருக்கு அந்தக் கடல்ல இறங்கத் தெரியும்?"

எனக்கு அது பிடிபடவில்லை. கோலுக்கும் நீச்சலுக்கும் என்ன என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் யாரோ தகடு வாங்க வந்துவிட்டார்கள். ஒரு பொதி ஆணியைக் கையில் தந்து, விலை வாங்காமல் அனுப்பினார். எனக்கு அந்த ஆணியால் ஒரு வேலையும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து யோசித்தேன். இரண்டு கழகம் என்னைத் தங்கள் ஆள் என்றது. இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம். தெளிவு தேடிப் போனவன் இருந்த கொஞ்சத் தெளிவையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். பந்தைப் பற்றி என் ஞாபகம் பிழை என்றால், விளையாடுவதற்காகப் பிரிந்தோம் என்பதும் பிழையாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம். எனக்கு நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். மகள் பின்னால் பெண்பிள்ளைகளோடு நின்றாள். சபைத் தலைவர் வயதான மனிதர், மென்மையாகத்தான் கேட்டார்.

"சொல்லும் தம்பி. எது முதல்?"

நான் எழும்பினேன். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். "தெரியாது ஐயா."

மண்டபம் சலசலத்தது. "ஒரு கிழமையா யோசிச்சு தெரியாதாம்," என்று யாரோ சொன்னார்கள். "அத்தான்," என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

"அந்தப் பந்து?" என்றார் தெற்குச் செயலாளரான ஆசிரியர். "அதையாவது சொல்லுங்கோ அண்ணை. உள்ள போனதா இல்லையா?"

"அதும் தெரியாது சேர். நான் வாற பந்தைப் பிடிச்சனான். யார் அடிச்சவை எண்டு பாக்கேல்லை. எந்தப் பக்கம் அடிச்சாலும் என்னட்டைத்தானே வரும்."

"அதெப்படி?" தலைவர் முன்னுக்குச் சாய்ந்தார். "நீர் ஒரு பக்கத்துக் கோலி. மற்றப் பக்கத்து ஆக்கள்தானே உம்மட்டை அடிப்பினம்."

"இல்லை ஐயா. கோல் ஒண்டுதான் இருந்தது. ரெண்டு பக்கமும் அதுக்குத்தான் அடிக்கிறது."

இதைச் சொன்னபோது நான் ஏதோ பெரிய விஷயம் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்தேன். ஆனால் பின்னால் இருந்தவர்கள்கூட எழும்பி என்னை எட்டிப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள், சிலர் பிறக்கவே இல்லை. மச்சானே அப்போது அரைக்காற்சட்டைப் பையன்தான்.

முதலில் சுதாரித்தது மச்சான். "ஒண்டெண்டா ஒண்டு. அது வடக்குப் பக்கம்தான் இருந்தது. அப்ப வடக்குதான் முதல்."

"தெற்குப் பக்கம்," என்றார் ஆசிரியர். "எங்கட அப்பா சொல்லியிருக்கிறார்."

"உங்கட அப்பா கோல் அடிச்சதை நாங்கள் ஒருநாளும் காணேல்லை."

"நீங்கள் கண் திறந்து பாத்தாத்தானே."

தலைவர் கையைத் தூக்கினார். "தம்பி, இடத்தைக் காட்டும். எல்லாரும் வாங்கோ."

கூட்டம் முழுக்க என் பின்னால் மைதானத்துக்கு வந்தது. எனக்கு அதைவிடக் கூச்சமான நேரம் வாழ்க்கையில் இருந்ததில்லை, கலியாணத்தன்றுகூட இவ்வளவு பேர் என்னைப் பார்க்கவில்லை. கடலில் இடம் பிடிக்க நாங்கள் கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்போம். கோலுக்கும் அப்படி ஒரு புளியமரமும் கோயில் மணிக்கூண்டும் அடையாளம். புளியமரம் இல்லை. மணிக்கூண்டை இடித்து வேறு பக்கத்தில் கட்டியிருந்தார்கள். நான் வடக்கே கொஞ்சம் நடந்தேன், மச்சானின் ஆட்கள் முகம் மலர்ந்தார்கள். இல்லை போலிருந்தது. தெற்கே திரும்பினேன், மற்றவர்கள் முன்னுக்கு வந்தார்கள். அதுவும் இல்லை போலிருந்தது. கூட்டமும் என்னோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

அப்போதுதான் நானா சொன்ன நீச்சல் ஞாபகம் வந்தது. நீந்தத் தெரிந்த ஆள் கோலுக்கு ஏன் வேண்டும்? கோல் தவறிய பந்து கடலுக்குள் போகும், அதனால். நான் எத்தனை தரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் ஓடியிருக்கிறேன். என்னைக் கோலுக்குள் விட்டது நான் நன்றாகப் பிடிப்பேன் என்பதற்காக இல்லை. பந்தை எடுத்து வருவேன் என்பதற்காக.

நான் கடற்பக்கம் போய், மைதானத்தின் நடுவுக்கு நேராக, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"இஞ்ச ஐயா. முதுகுக்குப் பின்னால கடல். அது மட்டும் வடிவாத் தெரியும்."

என் இடது கைப்பக்கம் மைதானத்தின் தெற்குக் கோல். வலது கைப்பக்கம் வடக்குக் கோல். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

தலைவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வடக்குமில்லை, தெற்குமில்லை."

"தெரியாது ஐயா," என்றேன் திரும்பவும்.

"இந்த நிலைமையில நான் ஒருத்தருக்கும் எழுதித் தரேலாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பேரில வாங்கோ, தாறன். அதுவரைக்கும் காணி கோயிலுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் எண்டது அப்பிடியே இருக்கட்டும்."

ஒரு பேரில் வருவதா என்று இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. ஆசிரியர் போகும்போது தன் பக்கங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "திரும்பத் தட்டச்சுச் செய்ய வேணும் அண்ணை," என்றார், கோபமா இல்லையா என்று தெரியவில்லை. மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மனைவி அன்று என்னோடு கதைக்கவில்லை. மகள் மட்டும் பெண்பிள்ளைகளிடம், "நாளைக்கு பிராக்டிஸ் இருக்கு," என்று சத்தமாகச் சொன்னாள்.

மைதானம் அவள் கையை விட்டுப் போகவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நான் சொன்னது உண்மைதானா, அல்லது அவளுக்காக என் கால் என்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்தியதா? இதை நான் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மச்சான் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். மீனும் நின்றது.

சில கிழமை கழித்து ஒரு பின்னேரம், பெண்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். அடுத்த நாள் வடக்கின் முறை, அதனால் மச்சானும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு வந்து ஓரமாக நின்றார்கள். யாரோ ஒரு பிள்ளை ஓங்கி உதைத்த பந்து மணலைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்தது. பிள்ளைகள் கரையில் நின்றுவிட்டார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பந்தைப் பிடித்துத் திரும்பினால் கரை முழுக்க ஆட்கள். மகளும் பிள்ளைகளும், மச்சானின் ஆட்களும் தண்ணீர் விளிம்புக்கு வந்திருந்தார்கள். முன்பு மடியோடு வரும்போதும் இப்படித்தான் கரையில் நிற்பார்கள். வெளிச்சம் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. யார் எந்தக் கயிறு என்று நான் தேடிக்கொண்டு நின்றேன். பந்தை யாரிடம் எறிவது என்றும் தெரியவில்லை.

மச்சானின் குரல் வந்தது. கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எறியுங்கோ அத்தான். பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்குதுகள்."